மனு எந்த மேசையில் கிடக்கிறது என்று கேளுங்கள்

முதியோர் உதவித்தொகைக்கு மனு கொடுத்துவிட்டு ஏழெட்டு மாதம் அலைந்த ஒரு பாட்டியுடன் போயிருந்தேன். போகும்போதெல்லாம் ஒரே பதில்தான்: "ஃபைல் மேலே போயிருக்கும்மா." தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேட்டோம். பதிலில் இருந்த தேதிகளைப் பார்த்தால், மனு முதல் மேசையை விட்டே நகரவில்லை.

2005-இல் வந்த சட்டம். கட்டணம் 10 ரூபாய். தமிழக அரசு அலுவலகம் என்றால் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்கள் சான்று வைத்தால் அதுவும் வேண்டாம். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும்.

நிறையப் பேர் சறுக்குவது கேள்வியை எழுதும்போதுதான். "ஏன் இன்னும் பணம் வரவில்லை?" என்று எழுதாதீர்கள். காரணம் கேட்பது தகவல் ஆகாது என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஆவணத்தில் இருப்பதைக் கேளுங்கள்: "இந்தத் தேதியில் நான் கொடுத்த மனு எந்தெந்த அலுவலரிடம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருந்தது? அவர்களின் பெயர், பதவி என்ன? கோப்பில் எழுதிய குறிப்புகளின் நகல் வேண்டும்." உங்கள் மனுவைப் பற்றி மட்டும் கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரருடையதைச் சேர்த்தால் தனிநபர் தகவல் என்று சொல்லித் தட்டிக்கழிப்பார்கள்.

"எதுக்கு இதெல்லாம் கேக்கறீங்க?" என்பார்கள். காரணம் சொல்லத் தேவையில்லை, பிரிவு 6(2). "இது எங்க ஆபீஸ் இல்லை" என்பார்கள். அப்படியென்றால் 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும், பிரிவு 6(3). எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால், அதை எழுத்தில் கொண்டுவர உதவுவதும் அவர்கள் கடமை. இதை மட்டும் எந்தக் கவுண்ட்டரிலும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். முத்திரை போட மறுத்தால் பேச்சு வளர்க்க வேண்டாம், விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

அப்புறம், 30 நாள் தாண்டியும் பதில் இல்லையா? இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுத வேண்டும். பொறுமையாகக் காத்திருந்தவர்கள்தான் இந்தக் கெடுவைக் கோட்டைவிடுகிறார்கள். முதல் 30 நாள் தாண்டி அவர்கள் கொடுக்கும் நகலுக்குக் கட்டணம் கேட்கவும் கூடாது, பிரிவு 7(6).

அங்கேயும் பலனில்லாமல் அதற்கும் மேலே உள்ள தகவல் ஆணையம் வரை போனால், பதில் தர வேண்டிய தகவல் அலுவலருக்கே நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம் விழலாம். அதனால் நடுவில் போன் வரும்: "உங்க வேலை முடிஞ்சிடும், தகவல் கேட்ட மனுவை வாபஸ்னு எழுதிக் குடுங்க." பணம் கணக்கில் ஏறும்வரை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.