கரை ஈ: எஃபிட்ரிடே குடும்பத்தின் பெயரும் உடலும்

இருசிறகிகள் வரிசையில் எஃபிட்ரிடே குடும்பத்தைச் சேர்ந்த சிற்றீக்களைக் கரை ஈ என்கிறோம். பெரும்பாலானவை 2 முதல் 5 மில்லிமீட்டர் நீளமே இருக்கும்; நிறம் கறுப்பு, சாம்பல், சிலவற்றில் பச்சை கலந்த வெண்கல மினுக்கம். ஏறத்தாழ 2,000 இனங்களுக்கு இதுவரை பெயரிட்டிருக்கிறார்கள். லோங்காங் எனப்படும் சாக்கடை வாய்க்காலின் ஓரத்துப் பாசி, மலேசியாவின் செபராங் பிறை நெல்வயலின் தேங்கிய நீர், கோலாலம்பூர் அடுக்குமாடி பால்கனியில் கீரை வளர்க்கும் நீர்க்குழாய் என, ஈரமும் பாசியும் சேர்ந்த எந்த இடமும் இக்குடும்பத்துக்கு ஏற்றது.

எஃபிட்ரிடே என்பது எஃபிட்ரா என்னும் பேரினப் பெயரிலிருந்து வந்தது. அப்பேரினத்தை 1810இல் நிறுவியவர் சுவீடனைச் சேர்ந்த பூச்சியியலாளர் ஃபாலென். கிரேக்கத்தில் ‘எபி’ என்றால் மேல். ‘ஹுடோர்’ என்றால் நீர். இரண்டும் புணரும்போது எபியின் இகரம் கெட, எஞ்சிய பகர ஒலியும் ஹகர ஒலியும் ஒன்றி ‘எஃபுட்ரோஸ்’ ஆகிறது: நீரின்மேல் உள்ளது. பெயர் பொருத்தமானதே. இந்த ஈக்களில் பல, நீர்ப்பரப்பின் இழுவிசையைத் தரையாக்கிக்கொண்டு மூழ்காமல் நடக்கும். இறுதியில் வரும் ‘இடே’ விலங்குக் குடும்பப் பெயர்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான பின்னொட்டு. தமிழில் எழுதும்போது ஒரு எழுத்துப் பிசகினால் எஃபெட்ரா ஆகிவிடும். அது எஃபெட்ரின் மருந்து எடுக்கும் செடி. அதன் வேர் ‘ஹெட்ரா’, அதாவது இருக்கை. நீருக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஷோர் ஃப்ளை என்ற ஆங்கிலப் பெயரைக் கண்டதும் ‘கடற்கரை ஈ’ என்று எழுதத் தோன்றும். அது தவறு. எஃபிட்ரா பேரினத்தின் மாதிரி இனம், அதாவது அப்பேரினப் பெயருக்கு அடிப்படையான இனம், எஃபிட்ரா ரிப்பாரியா. இலத்தீனில் ‘ரிப்பா’ என்பது ஆற்றின் கரை. கடலோரத்துக்கு அம்மொழியில் ‘லிட்டஸ்’ என்ற வேறு சொல் உண்டு. தமிழில் கரை என்ற சொல்லே போதுமான அகலம் கொண்டது. ஆற்றங்கரை, குளக்கரை, வாய்க்கால்கரை எல்லாம் அதில் அடங்கும். வேட்டியின் ஓரமும் கரைதான். கடலோரப் பாறையிலும் ஒதுங்கிய கடற்பாசியிலும் வாழும் ஈக்களுக்கு கேனசிடே, சீலோபிடே என்று தனிக் குடும்பங்கள் இருக்கின்றன. ‘கடற்கரை ஈ’யை அவற்றுக்கு விட்டுவைப்பதே முறை. உவர்நீரில் வாழும் கரை ஈக்களும் உண்டு என்பது உண்மைதான். கலிபோர்னியாவின் மோனோ ஏரி கடலைவிட உப்பு மிகுந்தது. அங்கே கரையோரம் கறுப்புப் பட்டையாக மொய்ப்பது இக்குடும்பம். அதே மாநிலத்தில் கச்சா எண்ணெய்க் குட்டையில் புழுப்பருவத்தைக் கழிக்கும் ஹெலியோமையா பெட்ரோலி என்ற இனமும் இருக்கிறது. ஆகவே ‘உப்பள ஈ’ என்ற பெயரும் குடும்பம் முழுவதற்கும் செல்லாது.

இலக்கணப்படி கரை + ஈ = கரையீ. ஆனால் அப்படி எழுதினால் கண் தடுக்கும். பழ ஈ, மாட்டு ஈ போல இடம் விட்டு எழுதுவதே படிக்க எளிது.

இனி உடல். அடையாளம் பார்க்கும்போது முதலில் குழப்புவது பழ ஈ, அதாவது கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றும் டிரோசோஃபிலா. அளவு ஒன்றே, சிறகமைப்பும் நெருக்கம். இரண்டுக்கும் சிறகின் முன்விளிம்பு நரம்பில் இரண்டு இடங்களில் முறிவு இருக்கும். ஆகவே அதை மட்டும் பார்த்து முடிவு கட்டக்கூடாது. உணர்கொம்பின் மூன்றாம் கணுவிலிருந்து கிளம்பும் நீண்ட மயிரைப் பாருங்கள். பழ ஈயில் அதன் கிளைகள் மேலும் கீழும் விரியும். கரை ஈயில், கிளை இருந்தால், மேற்பக்கத்தில் மட்டும் சீப்புப் பல்போல நிற்கும். அடுத்து முகம்: கரை ஈயின் முகம் பெரும்பாலும் முன்னே புடைத்திருக்கும், அதன் கீழே அகன்ற வாய்க்குழி. பாசியையும் நுண்ணுயிர்ப் படலத்தையும் ஈரத்தோடு சேர்த்து உறிஞ்சுவதற்கான அமைப்பு அது. சிறகில் நரம்புகள் சூழ்ந்த வெளியை அறை என்பார்கள்; சிறகின் அடிப்பகுதியில் பழ ஈக்கு இருக்கும் சிறிய பின் அறை கரை ஈக்கு இல்லை. பத்து மடங்கு கைலென்ஸில் உணர்கொம்பு மயிரையும் முகத்தையும் பார்த்துவிடலாம். சிறகறைகளுக்கு நுண்ணோக்கி வேண்டும். மாதிரியை 70 விழுக்காட்டு ஆல்கஹாலில் வைத்துக் குலுக்கினால் மயிர்கள் உதிர்ந்துவிடும், பிறகு பாதி அடையாளங்கள் போச்சு. நேராக ஊசி குத்த இந்த உடல் தாங்காது. முக்கோணமாக வெட்டிய அட்டையின் நுனியில் துளி பசையிட்டு, ஈயின் வலப்புறத்தை ஒட்டுவதே வழக்கம்.

ஓக்தெரா என்ற பேரினத்தை மட்டும் வெறுங்கண்ணாலேயே பிரிக்கலாம். கும்பிடுபூச்சிக்கு இருப்பதுபோல் பருத்த முன்னங்கால்கள் அதற்கு. பாசி தின்னும் குடும்பத்தில் பிறந்த வேட்டைக்காரன்.

புழுவுக்குக் கால் இல்லை, தனித்த தலைக்கூடும் இல்லை. எஃபிட்ரா புழுக்களின் வயிற்றுப்புறத்தில் மட்டும் கொக்கிகள் கொண்ட எட்டு இணைப் பொய்க்கால்கள் இருக்கும். கடைசி இணை பெரிது, நீரடியில் எதையாவது பற்றிக்கொள்ள உதவும். உடலின் பின்முனை ஒரு குழாயாக நீண்டு இரண்டாகப் பிரியும். அதன் நுனிகளில் சுவாசத்துளைகள். மண்ணின்றிச் செடி வளர்க்கும் நீர்வளர்ப்புத் தட்டில் கிடைத்த புழு எதுவென்று தீர்மானிக்கத் தலையும் வாலும் போதும்: கரிய தலை தெரிந்தால் பூஞ்சைக் கொசு, தலை தெரியாமல் வால் கவைத்திருந்தால் கரை ஈ. இதைப் பார்க்காமல் மருந்து வாங்குவதுதான் பலர் செய்யும் பிழை. பூஞ்சைக் கொசுவுக்குக் கேட்கும் பிடிஐ என்ற புழுக்கொல்லி நுண்ணுயிர்த் தூளுக்குக் கரை ஈ பெரிதாக மசிவதில்லை. உருளைக்கிழங்குத் துண்டு வைத்தால் பூஞ்சைக் கொசுப் புழு ஏறும், இது ஏறாது. இதன் உணவு பாசி. நீர்மேல் வெளிச்சம் படாமல் மூடி, கசிவை அடைத்து, பாசியை வழித்தெடுத்தால் ஈ குறையும். வெப்பத்தில் முட்டையிலிருந்து ஈயாக ஏறத்தாழ இரண்டு வாரம் என்பதால், வழித்த மறுநாளே பலன் எதிர்பார்க்க வேண்டாம். வேரை இது கடிப்பதில்லை. பித்தியம் போன்ற அழுகல் நோய் வித்துகளைக் காலிலும் எச்சத்திலும் சுமந்து பரப்புவதும், இலையில் கரும்புள்ளியாக எச்சமிடுவதுமே இதனால் வரும் தொல்லை.

பசுமைக்குடில்களில் பெயர்பெற்ற இனம் ஸ்கேடெல்லா ஸ்டாக்னாலிஸ் (ஃபாலென், 1813). கருஞ்சிறகில் வெளிறிய புள்ளிகள் ஐந்து. ‘ஸ்டாக்னம்’ என்றால் தேங்கிய நீர். ஃபாலென் பெயரை அடைப்புக்குறியில் போடுவதற்குக் காரணம் உண்டு: அவர் இதை எஃபிட்ரா என்றே விவரித்தார், பேரினம் பிறகு மாறியது. பேரினம் மாறாத பெயருக்கு அடைப்புக்குறி வராது. தமிழில் எழுதும்போது இதை அலங்காரம் என்று நினைத்து எடுத்துவிடுகிறார்கள். எடுத்தால் அந்த வரலாறு அழிகிறது.

தென்கிழக்கு ஆசிய நெல்லுக்கு உரியது ஹைட்ரெல்லியா பிலிப்பினா. இது தேங்கிய நீரின் பளபளப்பைத் தேடி வந்து இலையில் முட்டையிடும். புழு குருத்துக்குள் நுழைந்து, விரியாத இலையின் உள்ளோரத்தைத் தின்னும். இலை விரிந்த பிறகே வெண்திட்டும் துளையும் தெரியும், அதற்குள் புழு வேலையை முடித்திருக்கும். நட்ட தொடக்க வாரங்களில் வயல்நீரை இடையிடையே வடித்தால் ஈ இறங்காது. பயிர் மூடி நீர் மறைந்ததும் தானே விலகும். சேதமான பயிரும் தூர்கட்டும் காலத்தில் பெரும்பாலும் தேறிவிடுவதால் மருந்தடிக்கத் தேவை அரிது. இதைக் ‘குருத்து ஈ’ என்பதும் வழக்கம், ஆனால் சோளத்தைத் தாக்கும் அதெரிகோனாவுக்கும் அதே பெயர், அதுவோ வீட்டு ஈக் குடும்பம். ‘நெல் குருத்துக் கரை ஈ’ என்று எழுதினால் இரண்டும் கலக்காது.