சன்ஸ்கிரீன்: டியூபில் இருக்கும் எண்ணும் முகத்துக்குக் கிடைக்கும் பாதுகாப்பும்

கோடை முழுக்க விடாமல் சன்ஸ்கிரீன் பூசியும் முகம் கறுத்துப்போய்விட்டது என்று வருத்தப்படும் பெண்கள் நிறையப் பேர். உடனே பிராண்டை மாற்றுகிறார்கள், எஸ்.பி.எஃப். எனப்படும் வெயில் பாதுகாப்பு எண்ணில் 30-லிருந்து 50-க்குப் போகிறார்கள். பெரும்பாலும் கோளாறு பூசும் அளவில்தான். பட்டாணி அளவு எடுத்து முகம், கழுத்து முழுக்கத் தேய்த்தால், டியூபில் 50 என்று போட்டிருந்தாலும் தோலுக்குக் கிடைப்பது 15-ஐக்கூடத் தொடாது.

தரைக்கு வந்து சேரும் புற ஊதாக் கதிர்களில் இரண்டு வகை உண்டு. சுமார் 290 முதல் 320 நானோமீட்டர் அலைநீளம் கொண்டது யு.வி.பி. இது மேல்தோலோடு ஏறக்குறைய நின்றுவிடும்; ஆனால் அங்கிருக்கும் செல்களின் டி.என்.ஏ.வை நேரடியாகச் சேதப்படுத்தும். வெயிலில் தோல் சிவந்து எரிவது இதனால்தான். 320 முதல் 400 வரை உள்ளது யு.வி.ஏ. எரிச்சல் காட்டாமல் அடித்தோல் வரை இறங்கி, தோலைத் தாங்கிப் பிடிக்கும் கொலாஜன் இழைகளைச் சிதைக்கும். சுருக்கமும் தொய்வும் முன்கூட்டியே வருவதில் இதன் பங்கு பெரிது. சாதாரண ஜன்னல் கண்ணாடி யு.வி.பி.யைத் தடுத்துவிடும், யு.வி.ஏ.வில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். ஆகவே ஜன்னலோரம் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்கும் பாதுகாப்பு தேவை.

எஸ்.பி.எஃப். எண் முக்கியமாக யு.வி.பி.யைப் பற்றியது. தோலைச் சிவக்க வைக்கும் கதிர்களில் எத்தனையில் ஒரு பங்கு உள்ளே போகிறது என்பதை அது சொல்கிறது. எஸ்.பி.எஃப். 15 என்றால் பதினைந்தில் ஒரு பங்கு நுழையும், அதாவது சுமார் 93 சதவீதம் தடைபடும். 30 என்றால் 97, 50 என்றால் 98. யு.வி.ஏ.வுக்குத் தனியாகப் பார்க்க வேண்டும். 'பி.ஏ.' என்ற குறிக்குப் பக்கத்தில் நான்கு கூட்டல் குறி வரை இருக்கும். அல்லது 'பிராட் ஸ்பெக்ட்ரம்' என்று எழுதியிருக்கும். இரண்டுமே இல்லையென்றால் எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வாங்க வேண்டாம்.

இந்த எண்ணை ஆய்வகத்தில் கணக்கிடும்போது, ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் வீதம் பூசுகிறார்கள். சிக்கல் இங்கேதான். முகம், காது, கழுத்து எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 600 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 1.2 கிராம் தேவை. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனி வரை ஒவ்வொரு கோடு பிழிந்தால் கிட்டத்தட்ட அந்த அளவு வரும். முதல் தடவை பார்க்கும்போது இவ்வளவா என்று தோன்றும். சந்தேகமிருந்தால் வீட்டில் இருக்கும் டியூபையே கேளுங்கள்: தினமும் ஒரே ஒரு தடவை பூசினாலும் 50 கிராம் டியூப் 40 நாளில் காலியாக வேண்டும். மூன்று மாதம் வருகிறது என்றால் தேவையானதில் பாதிகூடப் பூசவில்லை. அளவு பாதியானால் பாதுகாப்பும் குறைந்தது பாதியாகும், சில சமயம் அதற்கும் கீழே போகும்.

காரணம், தோல் சமதளம் இல்லை. அதில் நுண்ணிய மேடுகளும் பள்ளங்களும் நிறைந்திருக்கின்றன. 2 மில்லிகிராம் பூசினாலே படலத்தின் தடிமன் 0.02 மில்லிமீட்டர்தான், நீர் ஆவியானதும் இன்னும் மெலிந்துபோகும். குறைவாகப் பூசினால் க்ரீம் பள்ளங்களில் போய்த் தேங்கிக்கொள்ளும், மேடுகள் வெறுமனே நிற்கும். கதிர்கள் அந்த இடைவெளிகள் வழியாக நுழைந்துவிடும்.

படலத்துக்குள் வேலை செய்பவை வடிகட்டி மூலக்கூறுகள். அவோபென்சோன் போன்ற கரிம வடிகட்டி கதிரின் ஆற்றலை விழுங்கி, அதை மிகச் சிறிய வெப்பமாக வெளியே விட்டுவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்பும்; திரும்பத் திரும்ப இதையே செய்யும். சில மூலக்கூறுகள் இந்த ஓட்டத்தில் உடைந்துபோகும். அவோபென்சோனைத் தனியே விட்டால் வெயிலில் சீக்கிரம் சிதையும் என்பதால்தான் அதோடு ஆக்டோகிரிலீன் போன்ற ஒன்றைச் சேர்க்கிறார்கள். ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு இரண்டும் கதிர்களைத் திருப்பி அனுப்புகின்றன என்ற பேச்சு பரவலாக உண்டு. உண்மையில் அவையும் புற ஊதாக் கதிர்களைப் பெரும்பாலும் உறிஞ்சத்தான் செய்கின்றன, சிறு பங்கைத்தான் சிதறடிக்கின்றன. எரிச்சலும் அரிப்பும் எளிதில் வரும் தோலுக்கு இந்தத் தாது வகை ஏற்றது. கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் இவை ஓரளவு சிதறடிப்பதால் மாநிறத்திலும் கறுப்புத் தோலிலும் வெள்ளைச் சாயல் விடும். அதைச் சரிசெய்ய நிறம் சேர்த்த வகைகள் கிடைக்கின்றன.

அந்த நிறம் வெறும் அலங்காரம் கிடையாது. அதில் இருப்பது இரும்பு ஆக்சைடு. கன்னத்திலும் நெற்றியிலும் மேலுதட்டிலும் படரும் மங்கு, கர்ப்பகாலத்திலும் கருத்தடை மாத்திரை சாப்பிடும்போதும் பெண்களுக்கு அதிகம் வரும். மங்கு இருப்பவர்களுக்கும் இயல்பாகவே மெலனின் என்ற நிறமி கூடுதலாக உள்ள தோலுக்கும், கண்ணுக்குத் தெரியும் ஒளியே, குறிப்பாக நீல ஒளி, கருமையைக் கூட்டும். நிறமில்லாத சன்ஸ்கிரீன் எதுவும் இந்த ஒளியை உருப்படியாகத் தடுக்காது. இரும்பு ஆக்சைடு தடுக்கும். மங்கு உள்ள ஒருவருக்கு எஸ்.பி.எஃப். 70-ஐத் தேடி அலைவதைவிட, நிறம் சேர்த்த 30 ஒன்றை ஒழுங்காகப் பூசுவதே கூடுதல் பலன் தரும்.

காலையில் முகம் கழுவி, மாய்ஸ்சரைசர் போட்டு, அது தோலில் ஊறும் வரை சில நிமிடம் விடுங்கள். பிறகு இரண்டு விரல் அளவை ஒரேயடியாகப் பூசாமல், ஒரு விரல் கோடு, சிறிது இடைவெளி, அடுத்த கோடு என்று இரண்டு முறையாகப் பரப்பினால் விட்டுப்போன இடங்கள் நிரம்பும். காது மடல், பிடரி, கழுத்தின் பக்கவாட்டு, புறங்கை ஆகியவை எப்போதும் தப்பிப்போகும் இடங்கள். தலை வகிடும் அப்படித்தான். அதற்குக் குடையோ தொப்பியோதான் வழி. வெளியே கிளம்ப 15 நிமிடம் முன்பே பூசினால் படலம் படிந்து உறுதியாகும். மேக்கப்பை அதன் மேல் தேய்க்காமல் ஒற்றி ஒற்றிப் போடுங்கள். க்ரீம் சின்னச் சின்ன உருண்டைகளாகத் திரண்டு வந்தால், அடியில் இருக்கும் மாய்ஸ்சரைசர் காயவில்லை அல்லது இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். இரண்டையும் உள்ளங்கையில் கலந்து பூசுவது தீர்வாகாது; வடிகட்டி நீர்த்துப்போய்ப் படலம் கெடும். எஸ்.பி.எஃப். உள்ள பவுடரை மட்டும் நம்புவதும் வீண், அந்த எண்ணுக்குத் தேவையான அளவில் யாரும் பவுடர் பூசுவதில்லை.

வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். வியர்வை படலத்தைக் கரைப்பதைவிட, அதைத் துடைக்கும் கைக்குட்டைதான் அதிகம் எடுத்துக்கொண்டு போகிறது. வியர்வையைத் தேய்க்காமல் ஒற்றி எடுத்துவிட்டு மேலே பூசுங்கள். தண்ணீரைத் தாங்கும் வகை என்றால் 40 அல்லது 80 நிமிடம் என்று அதிலேயே குறிப்பிட்டிருக்கும். ஜன்னலை விட்டுத் தள்ளி நாள் முழுக்க உள்ளேயே இருப்பவர்களுக்கு இந்த இரண்டு மணிக் கணக்கு அவசியமில்லை. வெயிலின் கடுமையை அளக்க உங்கள் நிழலே போதும்: அது உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் புற ஊதாக் கதிர் வலுவாக இருக்கிறது.

ஏற்கெனவே கறுத்த முகத்துக்கு எலுமிச்சைச் சாறு தேய்ப்பது நல்லதல்ல. அதன் அமிலம் தோலின் மேலடுக்கைப் புண்ணாக்கும். எலுமிச்சை வகைப் பழங்களில், முக்கியமாகப் பழத்தோலில், உள்ள ஃபுரோகூமரின் என்ற வேதிப்பொருள் வெயில் பட்டால் வினைபுரிந்து கொப்புளத்தையும் மாதக்கணக்கில் மறையாத கருந்தழும்பையும் உண்டாக்கும். மேல்தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள நான்கு வாரமாவது ஆகும், வயது கூடக் கூட இன்னும் தாமதமாகும். ஒரே இரவில் கருமை நீங்கும் என்று சொல்லும் எதுவும் உண்மையாக வாய்ப்பில்லை. அதுவரை புதிய வெயில் படாமல் காப்பதே முதல் சிகிச்சை.

டியூபை வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிடாதீர்கள். சூட்டில் எண்ணெய்யும் நீரும் பிரிந்து, வடிகட்டி ஓரிடத்தில் திரண்டுவிடும். பிழியும்போது முதலில் தண்ணீர் வடிந்தாலோ, மணல் போல நெருடினாலோ, காலாவதித் தேதி மீதமிருந்தாலும் அதைத் தூக்கி எறிந்துவிடுங்கள். அது முகத்தில் சீராகப் பரவாது.