டெட் டிராப் என்றால் சந்திப்பிடமா?

உளவு நூல்களைத் தமிழில் படிக்கிறவர்களுக்கு ‘ரகசியச் சந்திப்பிடம்’ என்ற தொடர் பழகிப்போயிருக்கும். மூலத்தில் ‘டெட் டிராப்’ (ஆளை ஆள் பார்க்காமல் பொருளைக் கைமாற்றும் மறைவிடம்) என்று வருகிற இடத்திலெல்லாம் இதைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். பாம்பனில் நாங்கள் நாலைந்து பேர் இந்த வகை நூல்களை மாற்றி மாற்றிப் படிக்கிற ஆட்கள். எங்களுக்குள்ளேயே இந்தத் தொடர் புகுந்துவிட்டது. போன வாரம் ஒரு தம்பி, “அண்ணே, அந்தப் பாலத்துக்கு அடியிலதான் ரெண்டு பேரும் ரகசியமாச் சந்திச்சுக்குவாங்க” என்று கதை சொன்னபோது, இனி எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன்.

சொல்லின் பிறப்பு சுருக்கமானது. முகவரி தெரியாமலோ பெற்றுக்கொள்ள ஆள் இல்லாமலோ அஞ்சலகத்தில் தேங்கிவிடும் கடிதத்தை ஆங்கிலத்தில் ‘செத்த கடிதம்’ என்பார்கள். அதற்கென்று தனி அலுவலகமே இருந்தது; நம் அஞ்சல் துறை பின்னாளில் அதைத் ‘திரும்பி வந்த கடிதங்களின் அலுவலகம்’ என்று மாற்றிக்கொண்டது. அந்த வழியில் பிரிட்டிஷ் உளவுக்காரர்கள் ‘டெட் லெட்டர் பாக்ஸ்’ என்றார்கள், அமெரிக்கர்கள் ‘டெட் டிராப்’ என்றார்கள். ஒருவர் ஒரு பொருளை ஓரிடத்தில் ஒளித்து வைத்துவிட்டுப் போவார், இன்னொருவர் பிறகு வந்து எடுத்துக்கொள்வார். நடுவில் ஆள் கிடையாது, அதனால் ‘டெட்’. நடுவில் ஓர் ஆள் வாங்கி வைத்திருந்து கொடுத்தால் அது ‘லைவ் லெட்டர் பாக்ஸ்’. பேருந்து நிறுத்தத்து டீக்கடையில் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, “நம்ம பய வருவான், குடுத்துருங்க” என்று போகிறோமே, அதுதான். அவ்வளவுதான் சொல்லாராய்ச்சி.

இப்போது சந்திப்பிடத்துக்கு வருவோம். டெட் டிராப் என்ற ஏற்பாடே சந்திக்காமல் இருப்பதற்காகத்தான் இருக்கிறது. அதைப் போய்ச் ‘சந்திப்பிடம்’ என்று சொன்னால், தடை என்பதற்கு அனுமதி என்று எழுதிய மாதிரி ஆகிறது. ராபர்ட் ஹான்சனை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் உள்நாட்டுப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ.யில் இருந்துகொண்டே மாஸ்கோவுக்கு ரகசியங்களை விற்றவர். 1979-இல் தொடங்கி, நடுநடுவே நிறுத்தி, 2001 வரை ஓட்டினார். தான் யார் என்பதையே ரஷ்யர்களிடம் சொல்லவில்லை. வர்ஜீனியாவில் ஃபாக்ஸ்டோன் பூங்கா என்று ஒன்று. அங்கே நடைபாலம் ஒன்றின் அடியில் பொட்டலத்தைச் செருகிவிட்டு, பூங்காவின் பெயர்ப்பலகையில் வெள்ளை டேப் ஒட்டுவார். ‘வைத்தாயிற்று’ என்பதற்கு அது அடையாளம். 2001 பிப்ரவரி 18 அன்று அப்படி வைத்துவிட்டுத் திரும்பியபோதுதான் கைது செய்தார்கள். அவருக்கென்று 50,000 டாலர் வேறோர் இடத்தில் காத்துக் கிடந்தது. இந்த மனிதரைப் பற்றி, ‘அவர் தன் ரஷ்யத் தொடர்பாளரைப் பாலத்தடியில் சந்தித்து வந்தார்’ என்று தமிழில் படித்தால் வாசகருக்கு என்ன புரியும்? அவரால் இத்தனை காலம் தப்பிக்க முடிந்ததற்கான காரணமே காணாமல் போய்விடுகிறது.

இந்த முறையில் உள்ள ஆபத்தும் ‘சந்திப்பிடம்’ என்றால் புரியாது. அமெரிக்கருக்கும் பிரிட்டிஷாருக்கும் உளவு சொன்ன சோவியத் கர்னல் பெங்கோவ்ஸ்கி, மாஸ்கோவில் ஒரு கட்டட வாசலில் உள்ள வெப்பமூட்டிக்குப் பின்னால் தீப்பெட்டி வைப்பதாக ஏற்பாடு. 1962 அக்டோபரில் அவர் பிடிபட்டுவிட்டார். நவம்பர் தொடக்கத்தில் அடையாளம் வந்தது, அமெரிக்க அதிகாரி ஒருவர் போய்த் தீப்பெட்டியில் கை வைத்தார், காத்திருந்த சோவியத் ஆட்கள் அமுக்கிவிட்டார்கள். சந்திப்பு என்றால் ஆள் வரவில்லை என்று தெரிந்து நழுவியிருக்கலாம். தீப்பெட்டியை வைத்தவர் யார் என்று தீப்பெட்டியா சொல்லும்?

கீழக்கரைக்காரர் ஒருவர், ஒரு காலத்தில் சங்கு குளித்தவர், எங்கள் கூட்டத்துக்கு அவ்வப்போது வருவார். நாங்கள் ‘காக்கா’ என்போம், அண்ணன் என்ற பொருளில். இந்த வாதத்தை எல்லாம் கேட்டுவிட்டு அவர் சொன்னது: “சந்திக்கிறதா இருந்தா கையில குடுத்துட்டுப் போகவேண்டியதுதான தம்பி, எதுக்குப் பாறைக்குள்ள வைக்கணும்?” மொழிபெயர்ப்பாளர்கள் ஒரு முறை இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

எங்கள் கரையிலேயே குழப்பத்துக்கு இன்னொரு வழி உண்டு. 2023-இல் மண்டபம் கடலில் கடத்தல்காரர்கள் துரத்தலுக்குப் பயந்து படகிலிருந்து வீசிய தங்கத்தை முக்குளிப்பவர்களை இறக்கி எடுத்தார்கள். அதையும் ‘டெட் டிராப்’ என்று சிலர் பேசினார்கள். பயந்து எறிவது வெறும் எறிதல்தான். இன்ன இடத்தில் கிடக்கும் என்று முன்கூட்டியே ஜி.பி.எஸ். குறித்துக் கொடுத்து, எடுக்க வேறொருவர் வருவதாகவும் ஏற்பாடு இருந்தால் அப்போது அந்தப் பெயர் பொருந்தும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? சொல்லுக்குச் சொல் பெயர்க்கும் கணினி ‘இறந்த துளி’ என்கிறது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. படித்ததும் தப்பு என்று தெரிந்துவிடும், சந்திப்பிடம் போல ஏமாற்றாது. தூய தமிழில் பற்றுள்ள நண்பர் ஒருவர் ‘உயிரிலஞ்சல்’ என்று ஆக்கித் தந்தார். உயிர், இல், அஞ்சல் என்று பிரித்தால் சரிதான். வேகமாகச் சொல்லிப் பாருங்கள், லஞ்சம் வாங்குகிற மாதிரி கேட்கிறது. அதோடு, ‘டெட்’ என்பதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டிய கட்டாயம் நமக்கு என்ன? ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் ‘செத்த அஞ்சல்பெட்டி’ என்றே பெயர்த்துக்கொண்டார்கள். ரஷ்யர்கள் அப்படிச் செய்யவில்லை. ரகசியம் என்ற சொல்லின் அடியிலிருந்து ‘தைனிக்’ என்று, மறைவிடம் என்ற பொருளில், சொந்தமாக ஒன்று வைத்திருக்கிறார்கள். மாஸ்கோவில் அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ. செத்த எலிக்குள் பொருளை வைத்து, பூனை தூக்கிப் போகாமல் இருக்க மிளகாய்க் குழம்பு தடவிப் போட்டதாம். ‘செத்த’ என்ற சொல் நேராகப் பொருந்துவது அந்த எலிக்கு மட்டும்தான்.

நான் சொல்வது ‘மறைவைப்பு’. முதலில் ‘ஒளிவைப்பு’ என்று நினைத்தேன். பாம்பனில் உட்கார்ந்து அப்படி எழுதினால் கலங்கரை விளக்கத்தைப் பற்றி எழுதுவதாக நினைப்பார்கள். ‘மறை’ என்றால் வேதம் என்று ஒருவர் வருவார். வள்ளுவர் ஒற்றாடல் அதிகாரத்திலேயே ‘புறப்படுத்தான் ஆகும் மறை’ என்று ரகசியத்துக்குத்தான் அந்தச் சொல்லை வைக்கிறார். ‘வைப்பு’ என்றதும் நம் பக்கம் சிலர் சிரிப்பார்கள், தெரியும். வங்கியில் வைப்புத்தொகை கட்டுகிறவர்கள் யாரும் சிரிப்பதில்லையே. வைத்தது அங்கே கிடக்கிறது, வைத்தவர் அங்கே இல்லை என்ற பொருள் அதில் தானாக வருகிறது.

அந்த அதிகாரத்தில் இந்த ஏற்பாட்டின் தத்துவமும் இருக்கிறது. ‘ஒற்றொற்று உணராமை ஆள்க’: ஓர் ஒற்றனை இன்னொரு ஒற்றன் அறியாதபடி ஆள வேண்டும். ஆளை ஆள் அறியாமல் வேலை நடப்பதற்கு மறைவைப்பைவிட வாகான கருவி எது? நூலைப் பெயர்க்க உட்காருமுன் அந்தப் பத்துக் குறளை ஒரு முறை புரட்டினால் பாதிச் சிக்கல் தீரும். உளவுத் தொழிலின் நுட்பங்களைக் குறிக்கும் ‘டிரேட்கிராஃப்ட்’ என்பதற்கு ‘வணிகக் கைவினை’ என்று எழுதுகிற கொடுமையும் நிற்கும்; அதிகாரத்தின் தலைப்பே அதற்கான சொல், ஒற்றாடல்.

இந்தத் தொழிலின் மற்றச் சொற்களைப் பற்றிப் பேசினால் வயிறு எரியும். அமைச்சகத்துக்குள் ஊடுருவிய உளவாளியான ‘மோல்’, ‘மச்சம்’ ஆகிவிடுகிறது. உளவாளிகள் மறைந்து தங்கும் ‘சேஃப் ஹவுஸ்’ என்பது ‘பாதுகாப்பு இல்லம்’. ஆதரவற்றோர் விடுதி போல. எல்லாவற்றிலும் மோசம், உளவாளியை ஏவி வேலை வாங்கும் ‘ஹேண்ட்லர்’. அதைக் ‘கையாள்பவர்’ என்கிறார்கள். இலக்கணப்படி பிழையில்லை. ஆனால் தமிழில் கையாள் என்றால் ஏவிய வேலையைச் செய்கிறவன். பக்கத்துக்குப் பக்கம் இரண்டும் வந்தால் யார் யாரை ஏவுகிறார் என்று தலை சுற்றுகிறது. ‘ஏவுநர்’ என்று போடுங்கள், தீர்ந்தது.

வினைக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். மறைவைப்பில் பொருளை ‘இட்டான்’, ‘எடுத்தான்’ என்று எழுதினால் போதும். டேப்பும் சுண்ணாம்புக் கோடும் வெறும் ‘அடையாளம்’. ‘சமிக்ஞைத் தளம்’ எல்லாம் வேண்டாம்.