‘ஹை டீ’யில் உயர்ந்தது மேசைதான்

வட இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நான் தங்கியிருந்த அறைக்கு எதிர்வீட்டு அம்மையார் ஒருநாள், “நாளை ஆறு மணிக்கு டீக்கு வாருங்கள்” என்றார். டீதானே, அங்கே போய்ப் பசியோடு உட்காரக்கூடாது என்று நான்கரை மணிக்கே ரவை உப்புமா கிண்டி வயிறு நிறையச் சாப்பிட்டேன். பிறகு ஒரு பிஸ்கட் பெட்டியோடு போய்க் கதவைத் தட்டினேன். மேசையில் இறைச்சியை மாவுக்குள் வைத்துச் சுட்ட பெரிய ‘பை’, வேகவைத்த உருளைக்கிழங்கு, பட்டாணி, காடியில் ஊறிய பீட்ரூட், ரொட்டி, வெண்ணெய். நடுவில், குளிருக்குக் குல்லாய் மாட்டிய குழந்தையைப் போல, கம்பளி உறை போட்ட தேநீர்க் கெண்டி. போட்டதை மிச்சம் வைக்க என் வளர்ப்பு விடவில்லை. அன்று இரவு உறக்கமும் வரவில்லை. ‘டீ’ என்ற ஒற்றை எழுத்தைப் பற்றி விடியும்வரை யோசிக்க முடிந்தது.

அந்த அம்மையார் எனக்குப் படைத்ததுதான் அசல் ‘ஹை டீ’. நம் ஊர் நட்சத்திர விடுதிகள் நான்கு மணிக்குக் குட்டிக் கேக்குகளையும் சமோசாவையும் பரப்பி வைத்து அழைக்கும் ‘ஹை டீ’க்கும் அதற்கும் பெயரைத் தவிர ஒட்டுறவு இல்லை. ‘ஹை’ என்றால் உயர்வு, ஆகவே மேட்டுக்குடியினரின் தேநீர் விருந்து என்று எண்ணிவிடுகிறோம். அதையே தமிழாக்கி ‘உயர்தேநீர்’ என்று எழுதினால் பிழை இரண்டு மொழியிலும் பரவும்.

உண்மையில் மேட்டுக்குடியினர் அருந்தியது ‘ஆஃப்டர்நூன் டீ’. அதன் கதை 1840 வாக்கில் பெட்ஃபர்டின் ஏழாம் கோமகள் அன்னா மரியாவிடம் தொடங்குவதாகச் சொல்வார்கள். நண்பகலில் ஏதோ கொறிப்பது, பிறகு இரவு எட்டு மணிக்கு விருந்து என்பது அக்காலப் பெரிய வீட்டு வழக்கம். இடைப்பட்ட நேரத்தில் வயிறு உள்ளிழுப்பதைத் தாங்காமல், வோபர்ன் அபி மாளிகையில் தேநீரும் ரொட்டியும் வெண்ணெயும் அறைக்கே வரவழைத்தார் கோமகள். தோழியரும் சேர்ந்துகொண்டார்கள், நாளடைவில் அது நாகரிகமாயிற்று. சாய்வு நாற்காலிகளுக்கு நடுவே கிடக்கும் தாழ்ந்த மேசையில் பரிமாறியதால் இதற்கு ‘லோ டீ’ என்றும் பெயர் உண்டு.

ஆலையிலும் சுரங்கத்திலும் உழைத்துவிட்டு ஆறு மணிக்கு வீடு திரும்புகிறவருக்கு வெள்ளரித் துண்டு வைத்த ரொட்டி எம்மூலைக்கு? அவர் சாப்பாட்டு மேசை முன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து இறைச்சி, மீன், முட்டை, ரொட்டி என்று உண்டார். கூடவே கெட்டியான தேநீர். உயரமான மேசையில் உண்டதால் அது ‘ஹை டீ’ என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். உயர்ந்தது மேசை, உண்டவர் தொழிலாளி. இன்றும் வட இங்கிலாந்தில் பலர் நண்பகல் உணவை ‘டின்னர்’ என்றும் அந்தி உணவை ‘டீ’ என்றும்தான் சொல்கிறார்கள். இது தெரியாமல்தான் நான் உப்புமா கிண்டினேன்.

இந்த ‘டின்னர்’ இன்னொரு வேடிக்கை. ‘பிரேக்ஃபாஸ்ட்’ என்றால் நோன்பை முறித்தல் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ‘டின்னர்’ வந்த வழியும் அதுவே: நோன்பு முறித்தல் என்ற பொருளுள்ள இலத்தீன் வினை பழைய பிரெஞ்சுக்குள் புகுந்து, தேய்ந்து, ஆங்கிலத்தில் ‘டின்னர்’ ஆனது. ஆக, ஆங்கிலேயர் ஒரு நோன்பை ஒரே நாளில் இரண்டு முறை முறிக்கிறார்கள்!

தமிழிலும் இதற்குச் சொல் இல்லாமல் இல்லை. ஏகாதசி முழுவதும் பட்டினி கிடந்து துவாதசிக் காலையில் உண்பது ‘பாரணை’. ரமலானில் இசுலாமியத் தமிழர் சொல்வது ‘நோன்பு திறத்தல்’. முறிப்பதைவிடத் திறப்பது எவ்வளவு அழகு! ஆனால் வெறுமனே தூங்கி எழுந்ததை நாம் நோன்புக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே ‘காலை உணவு’ போதும். ‘ஃபுல் இங்கிலீஷ்’ என்று பலகையில் கண்டால் அதை ‘முழு ஆங்கிலக் காலையுணவு’ எனலாம். ரொட்டியும் காப்பியுமாக முடிந்துவிடும் ஐரோப்பியக் காலையுணவுக்கு எதிரில் நிறுத்தித்தான் அந்த ‘முழு’.

முழு என்றால் முழுதான். பேக்கன், தொத்திறைச்சி, முட்டை, தக்காளிச் சாற்றில் வெந்த பீன்ஸ், வாட்டிய தக்காளி, காளான், வறுத்த ரொட்டி. கூடவே ‘பிளாக் புட்டிங்’ என்று கரிய வில்லை ஒன்று. பெயரைக் கேட்டு இனிப்பு என்று கடித்துவிடாதீர்கள். பன்றி இரத்தமும் ஓட்ஸும் சேர்த்துச் செய்தது அது. ஆட்டு இரத்தப் பொரியல் சாப்பிட்டு வளர்ந்தவருக்கு அதிர்ச்சி இராது. நட்சத்திர விடுதியைவிட, லாரி ஓட்டுநர்கள் சாப்பிடும் தெருமுனைக் கடையில்தான் இந்தத் தட்டு சூடாகவும் மலிவாகவும் கிடைக்கிறது. அந்தக் கடைகளுக்கு ஆங்கிலேயர் அன்போடு வைத்திருக்கும் பெயர் ‘எண்ணெய்ப் பிசுக்குக் கரண்டி’.

பிற்பகல் தேநீருக்கு மூன்றடுக்குத் தட்டு வரும். கீழடுக்கில் ஓரம் வெட்டிய சாண்ட்விச், நடுவில் ‘ஸ்கோன்’ என்னும் சிறு ரொட்டி, மேலே கேக். கீழிருந்து மேலே ஏறுவது முறை. அதை உச்சரிப்பது ஸ்கோனா, ஸ்கானா என்று அவர்களுக்குள்ளேயே சண்டை. அதன்மேல் முதலில் பாலாடையைத் தடவுவது தென்மேற்கு இங்கிலாந்தின் டெவன் வழக்கம். முதலில் ஜாம் என்பது பக்கத்துக் கார்ன்வால் வழக்கம். ‘கிளாட்டட் கிரீம்’ என்பதைப் பாலாடை என்று துணிந்தே எழுதுகிறேன். மெல்லிய சூட்டில் நெடுநேரம் வைத்து, ஆறவிட்டு, மேலே திரண்டதை வழித்தெடுப்பதற்கு நம்மிடம் ஏற்கெனவே பெயர் இருக்கும்போது புதிதாக எதற்குக் காய்ச்சுவது?

‘தேநீர்’ என்பதிலுள்ள ‘தே’யைத் தேனோடு முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு. அது சீனத்தின் ஃபூஜியன் கரையோரப் பேச்சில் உள்ள ‘தே’. டச்சு வணிகர்களின் கப்பலில் ஏறி ஐரோப்பாவுக்குப் போய் ஆங்கிலத்தில் ‘டீ’ ஆயிற்று. அதனோடு இலையையும் நீரையும் சேர்த்துத் தேயிலை, தேநீர் என்று ஆக்கிக்கொண்டோம், ஈழத்தில் ‘தேத்தண்ணி’. செடியின் நுனித்தளிருக்கு இலங்கை மலையகத் தமிழர் வழங்கும் ‘கொழுந்து’ மட்டும் எங்கிருந்தும் கடன் வாங்காதது.

சரி, தமிழில் எப்படி எழுதலாம்? ‘ஆஃப்டர்நூன் டீ’க்குப் ‘பிற்பகல் தேநீர்’ போதும். பழந்தமிழ்ச் சிறுபொழுதுக் கணக்கில் பிற்பகல் இரண்டு முதல் ஆறு வரை ‘எற்பாடு’, அதற்குப் பிறகே மாலை. எற்பாட்டுத் தேநீர் என்று சொல்ல ஆசைதான், யாரும் வரமாட்டார்கள். உழைப்பாளியின் ‘ஹை டீ’க்கு என் பரிந்துரை ‘அந்தியுணவு’. தேநீர் என்ற சொல்லே அதில் தேவையில்லை, ஏனென்றால் அது சாப்பாடு. விடுதிகளின் நான்கு மணிப் பரப்பலுக்கு ‘மாலைச் சிற்றுண்டி’ என்றே போட்டுவிடலாம்.

அல்லது ‘டிபன்’. நேரங்கெட்ட நேரத்தில் கொறிப்பதையும் உறிஞ்சுவதையும் குறித்த பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலக் கொச்சை அது. இந்தியாவுக்கு வந்த வெள்ளையர் வாயில் இலேசான பகல் உணவாகி, நம்மிடம் இட்லி, தோசை, உப்புமா எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராகிவிட்டது.

ஊர் திரும்புவதற்கு முந்தைய நாள், விருந்துக்குப் பதில் விருந்தாக அந்த அம்மையாரை என் அறைக்கு அழைத்தேன். “நான்கு மணிக்கு டிபனுக்கு வாருங்கள்” என்றேன். அவர் முகம் மலர்ந்ததற்குக் காரணம் பிறகுதான் புரிந்தது. பிஸ்கட் தூளும் உலர்திராட்சையும் கலந்து, அடுப்பில் வைக்காமல், மேலே சாக்லேட் ஊற்றி உறையவைத்த பலகாரத்துக்கு இன்று பிரிட்டனில் ‘டிபன்’ என்று பெயராம். மதியச் சாப்பாட்டையே குறைத்துக்கொண்டு வந்திருந்தார். நான் உப்புமாவைப் பரிமாறினேன். அவரும் மிச்சம் வைக்கவில்லை.