பழைய ராணுவ ரைபிளில் இன்னொரு எண் எதற்கு?

அமெரிக்காவில் கடைக்கு வரும் பழைய ராணுவ ரைபிள் பலவற்றில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று தொழிற்சாலை அடித்தது. மற்றது, இறக்குமதியாளர் தன் பெயர், ஊர், மாநிலத்தோடு பொடி எழுத்தில் பொறித்தது.

1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, எண் துப்பாக்கியின் ரிசீவரில், அதாவது உடற்பகுதியில், இருந்தாக வேண்டும். அதே இறக்குமதியாளர் கொண்டுவரும் வேறு எந்தத் துப்பாக்கியிலும் அந்த எண் வரக் கூடாது. ராணுவம் கழித்துவிட்ட உபரிச் சரக்கு தடுக்கி விழுவது இந்த இரண்டு நிபந்தனைகளில்தான்.

ரஷ்ய மோசின்-நாகான்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் எண் குழலின் அடியில் இருக்கிறது, ரிசீவரில் இல்லை. குழலைக் கழற்றி மாற்றினால் எண்ணும் அதோடு போய்விடும். ஜெர்மன் மவுசர் 98கே-யில் சிக்கல் வேறு. 10,000 வரை எண்ணி, பிறகு 'ஏ', 'பி' என்று எழுத்துச் சேர்த்து மறுபடி 1 முதல் தொடங்குவார்கள். புத்தாண்டு பிறந்தால் எல்லாம் முதலிலிருந்து. ஒவ்வொரு தொழிற்சாலையும் இப்படித் தனித்தனியாக எண்ணியது. ஆகவே ஒரே எண்ணோடு பல ரைபிள்கள் ஒரே கப்பலில் வந்து இறங்கலாம்.

ரிசீவரில் உள்ள பழைய எண் தெளிவாகவும் தனித்தும் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம். இறக்குமதியாளரின் விவரம் மட்டும் சேர்த்தால் போதும். இல்லையென்றால் புது எண். எழுத்தின் உயரம் குறைந்தது 1/16 அங்குலம், ஆழம் 0.003 அங்குலம். சுங்கத்திலிருந்து சரக்கு வெளிவந்த 15 நாளுக்குள் பொறித்து முடிக்க வேண்டும். பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று பழைய எண்ணைச் சுரண்டி எடுத்துவிடாதீர்கள், அது குற்றம்.

1898 அல்லது அதற்கு முன் செய்தவை இந்தச் சட்டத்தில் தொன்மைப் பொருள்; அவற்றுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. 1968க்கு முன்பே வந்திறங்கியவற்றில் பெரும்பாலும் இறக்குமதியாளர் முத்திரை இருக்காது. சேகரிப்பாளர்கள் அவற்றைத் தேடிப் பிடித்துக் கூடுதல் விலை கொடுப்பது அதனால்தான்.

தவறு அதிகம் நடப்பது கடைக்காரரின் பதிவேட்டில். குழலில் பெரிதாகத் தெரியும் பழைய எண்ணை எழுதிவிடுகிறார்கள். குற்றம் நடந்த இடத்தில் துப்பாக்கி கிடைத்தால், அது யார் கைக்குப் போனது என்று கண்டறியும், மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் உள்ள அரசுத் தேடல் மையம் முதலில் கேட்பது இறக்குமதியாளரை. அங்கிருந்து மொத்த வியாபாரி, கடை, வாங்கியவர் என்று சங்கிலி நீளும். கடை ஏட்டில் வேறு எண் இருந்தால் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும். அதனால் துணியால் துடைத்து, விளக்கைச் சாய்த்துப் பிடித்து, ரிசீவரில் உள்ள எண்ணைப் படித்து எழுதுங்கள்.