குளிர் அறை 5 டிகிரி காட்டுகிறதா? கேபிளையும் பாருங்கள்

தடுப்பூசிக் குளிர் அறை 2 முதல் 8 டிகிரிக்குள் நிற்க வேண்டும். சூடேறினால் எல்லோரும் பதறுகிறார்கள். அளவுக்கு மேல் குளிர்ந்தால் கவனிப்பவர் குறைவு. ஆனால் ஹெபடைடிஸ் பி, பென்டாவேலன்ட் போன்றவை ஒருமுறை உறைந்தாலே வீண். அதனால் உண்மையை விடக் கூடுதலாகக் காட்டும் மீட்டர் இங்கே மிக ஆபத்தானது. அதற்குக் காரணம் பல நேரம் சென்சாரே அல்ல.

வெப்பத்தை அளக்கும் பிடி-100 (பிளாட்டினம்) சென்சாருக்கு 0 டிகிரியில் மின்தடை 100 ஓம். டிகிரிக்குச் சுமார் 0.385 ஓம் ஏறும். வழியில் உள்ள கேபிளின் ஓமும் சேர்ந்தால், சென்சாரைப் படித்துத் திரையில் எண் காட்டும் கன்ட்ரோலர் அதையும் வெப்பமாகவே படிக்கும். 0.5 சதுர மி.மீ. செம்பு வயர் 20 மீட்டர் போய்த் திரும்பினால் ஏறக்குறைய 1.4 ஓம், அதாவது மூன்றரை டிகிரிக்கு மேல். திரையில் 5 நிற்கும், உள்ளே 1.5கூட இருக்காது.

இதைக் கழிக்கத்தான் மூன்றாவது வயர். வழக்கமாக இரண்டு சிவப்பு, ஒரு வெள்ளை. கேபிளை நீட்டும்போது 2 கோர் (உள்ளே இரண்டே கம்பி) வயரை இழுத்துவிட்டு, மூன்றாவது வயருக்குப் பதில் கன்ட்ரோலர் டெர்மினலில் ஒரு ஜம்பர் (இரண்டு முனைகளை இணைக்கும் சிறு துண்டு வயர்) போட்டுவிடுகிறார்கள். திரையில் எண் வந்துவிடும், பிழை அப்படியே இருக்கும். கடைசி வரை 3 கோர்தான் போக வேண்டும்.

கம்ப்ரசரையும் மின்சாரத்தையும் நிறுத்திவிட்டு வயர்களைக் கழற்றி மல்டிமீட்டர் வையுங்கள். வெள்ளையிலிருந்து ஒவ்வொரு சிவப்புக்கும் ஒரே அளவு வர வேண்டும். 0.2 ஓம் வித்தியாசமே அரை டிகிரி. ஈரத்தில் களிம்பேறிய திருகு, முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு, இரண்டையும் முதலில் பாருங்கள்.

பிறகு ஐஸ் சோதனை. சென்சாரை மட்டும் மேசைக்குக் கொண்டுபோகாதீர்கள். அதே கேபிள், அதே கன்ட்ரோலரோடு செய்யுங்கள். ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு ஐஸ் 0-க்குக் கீழே இருக்கும், மேலே வெள்ளையாகப் பனி படிந்திருக்கும். சுத்தமான தண்ணீரில் செய்த ஐஸை நொறுக்கி, கண்ணாடிபோலத் தெளியும்வரை தண்ணீர் விட்டு, பிளாஸ்க்கில் அடிவரை இறுக்கி நிரப்புங்கள். அடியில் வெறும் தண்ணீர் தேங்கினால் அங்கே 4 டிகிரி வரை ஏறலாம். 6 மி.மீ. தடி சென்சார் 10 செ.மீ. அமிழட்டும், 15 நிமிடம் பொறுங்கள்.

பி துல்லிய வகுப்பு சென்சாருக்கு 0 டிகிரியில் 0.3 வரை விலகல் அனுமதி. அதைத் தாண்டினால் உடனே ஆஃப்செட்டை (கன்ட்ரோலரில் பிழையைக் கழிக்கத் தரும் திருத்த எண்) தட்டாதீர்கள். தளர்ந்த திருகை அது மறைத்துவிடும். இணைப்புகளைச் சரிசெய்து மறுபடி ஐஸில் பார்த்த பிறகே திருத்துங்கள். திருத்திய அளவையும் தேதியையும் பேனல் கதவின் உட்புறம் எழுதி ஒட்டுங்கள்.