கொரியாவா, சீனாவா என்று கேட்பதற்கு முன்னால்

பழைய கார் வாங்குகிறவர்களுக்கு வண்டியைச் சோதித்துச் சொல்வது என் தொழில். "கொரியன் வண்டின்னா தைரியமா வாங்கலாம், சீனா வண்டின்னா வேண்டவே வேண்டாம்" என்று முடிவோடு வருகிறவர்கள் நிறைய. விசாரித்தால் யாரோ எப்போதோ சொன்னதாக இருக்கும். ஒரு கம்பெனியின் பேர் அதன் தரத்தைவிடப் பல வருஷம் பின்தங்கியே வரும், நல்ல பேரும் சரி, கெட்ட பேரும் சரி.

கொரியாவின் ஹூண்டாயையே எடுத்துக்கொள்ளுங்கள். 1986இல் எக்ஸெல் காரை 4,995 டாலருக்கு அமெரிக்காவில் இறக்கி முதல் வருஷமே 1.68 லட்சம் விற்றார்கள், அப்புறம் அடுக்கடுக்காகப் பழுது வந்து பேர் கெட்டது. அதை மீட்கத்தான் 1998இல் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் 10 ஆண்டு அல்லது 1 லட்சம் மைல் வாரன்ட்டி அறிவித்தார்கள். அதே வருஷம்தான் சென்னைக்குப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயின் முதல் இந்தியக் காரான சான்ட்ரோ வந்தது, அதனால் அமெரிக்காவில் இருந்த அந்தப் பழைய கெட்ட பேர் நமக்குத் தெரியவே இல்லை.

அதற்குப் பிறகும் எல்லாம் சுத்தம் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் விற்ற ஹூண்டாயின் தீட்டா 2 இன்ஜினில், கிராங்க் ஷாஃப்டைக் கடையும்போது ஆயில் போகும் வழியில் தங்கிய உலோகத் துகள் ஆயிலை மறித்து, கனெக்டிங் ராடு பேரிங் தேய்ந்து, நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் சுற்ற முடியாமல் இறுகி நின்றது. 2015இல் ரீகால், அதாவது பழுதைச் சரிசெய்ய விற்ற வண்டிகளைத் திரும்ப அழைப்பது, தொடங்கியது. ரீகாலைத் தாமதமாகச் செய்தார்கள் என்று 2020இல் ஹூண்டாயும் அதன் கூட்டுக் கம்பெனியான கியாவும், இரண்டும் சேர்த்து 21 கோடி டாலர் ஒப்பந்தத்துக்கு அமெரிக்க அரசுடன் உடன்பட வேண்டியிருந்தது. விஷயத்தை வெளியே சொன்னவர் ஹூண்டாயிலேயே வேலை பார்த்த பொறியாளர்.

சீன வண்டிகளின் கெட்ட பேருக்கும் காரணம் இருந்தது. 2005இல் ஜெர்மனியில் லேண்ட்விண்ட் என்ற சீன வண்டியின் மோதல் சோதனையில் ஓட்டுநர் இடமே நசுங்கிப்போனது. 2012இல் ஆஸ்திரேலியாவில் கிரேட் வால், செரி என்ற சீனக் கம்பெனிகளின் கார்களில் கேஸ்கெட்டில் (பாகங்களுக்கு நடுவே வைக்கும் அடைப்பில்) உடலுக்குக் கேடான ஆஸ்பெஸ்டாஸ் இருந்து ஆயிரக்கணக்கில் திரும்ப அழைத்தார்கள். ஆனால் 2022இல் சீனாவின் பிஒய்டி அட்டோ 3 கார் ஐரோப்பிய மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கிவிட்டது.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறு. சீனக் கம்பெனிக்குச் சொந்தமான எம்ஜியின் எம்ஜி 4 ஐரோப்பாவில் 2022இல் ஐந்து நட்சத்திரம், அதே கம்பெனியின் எம்ஜி 5 ஆஸ்திரேலியாவில் 2023இல் பூஜ்ஜியம். ஐரோப்பாவில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய ஹூண்டாய் டூசான், லத்தீன் அமெரிக்காவில் இரண்டே ஏர்பேக்குடன் விற்றபோது 2021இல் பூஜ்ஜியம். அதனால் வெளிநாட்டு மதிப்பெண்ணைக் காட்டி விற்பவரிடம், இங்கே விற்கிற இந்த மாடலை, இந்த வேரியன்ட்டைச் சோதித்தார்களா என்று கேளுங்கள். பலர் எம்ஜியை பிரிட்டிஷ் வண்டி என்றே நம்பி வருகிறார்கள். ஆனால் எம்ஜியின் ஹெக்டரே சீனாவின் பாவோஜுன் 530 என்ற காரிலிருந்து வந்தது.

மின்சாரக் கார் என்றால் நான் முதலில் லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கம்தான் பார்ப்பேன். பேட்டரித் தட்டில் கீறல் பரவாயில்லை, உள்வாங்கிய நசுங்கல் ஆபத்து. போல்ட் தலைகளில் புதுக் கீறல் இருந்தால் யாரோ கழற்றிப் பார்த்திருக்கிறார்கள். இணைப்புகளில் காய்ந்த சேறு இருந்தால் வெள்ளத்தில் நின்றதா என்று சந்தேகப்படுங்கள். அப்புறம் சேஸி நம்பரைச் சொல்லி சர்வீஸ் சென்டரில் ரீகால் பாக்கி இருக்கிறதா என்று கேளுங்கள்: ஹூண்டாயின் மின்சாரக் காரான ஐயோனிக் 5இல் 12 வோல்ட் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஐசிசியு யூனிட்டுக்காக 2024இல் இந்தியாவிலேயே 1,744 கார்களைத் திரும்ப அழைத்தார்கள், உங்கள் கைக்கு வருகிற வண்டியில் அந்த வேலை முடிந்ததா?

உதிரிபாகத்தையும் விசாரியுங்கள். பம்பரும் ஹெட்லைட்டும் வர எத்தனை நாள் ஆகும் என்று ஷோரூமில் கேட்காமல், சர்வீஸ் கவுன்டரில் பார்ட்ஸ் பார்க்கிறவரிடம் கேளுங்கள், அங்கேதான் உண்மை வரும். இரண்டாவது ஓனருக்கு வாரன்ட்டி எவ்வளவு என்பதையும் எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். எம்ஜி விண்ட்சர் மின்சாரக் காருக்கு விளம்பரத்தில் வருகிற ஆயுட்கால பேட்டரி வாரன்ட்டி முதல் ஓனருக்கு மட்டும்தான்.